சட்டத்தை லயத்துக்குள் கொண்டுவந்த தம்பதியர்

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை 2023ஆம் ஆண்டில் பலரும் பல விதமாக நினைவுகூர்ந்தனர். முன்னோர் நடந்த வழியை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் இடம்பெற்றது. இந்த மக்களின் வரலாற்றைப் பேசும் எவரும் விட்டுவிட முடியாத பெயர் கோ. நடேசய்யர். தொழிற்சங்க முன்னோடி, பத்திரிகையாளர், சட்டசபை உறுப்பினர் என்று அவருடைய பதவிகளை அடுக்குகிறோம். அவருடைய பொதுப்பணி ஒரு தனிமனிதரின் பணியன்று, ஒரு குடும்பத்தின் உழைப்பு என்பதை மட்டும் நாம் போதியளவு பேசுவதில்லை.

தஞ்சாவூரைச் சேர்ந்த நடேசய்யர் 1887இல் பிறந்தவர். வர்த்தகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியராயிருந்து, 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். அந்தத் தொடர்பினாலேதான் இலங்கைக்கும் வந்தார். வந்த இடத்தில் தோட்டத் தொழிலாளரின் நிலைமையை நேரில் காண விரும்பினார். ஆனால் காண்பது இலகுவாயிருக்கவில்லை. துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலம் அது. புடவை வியாபாரிக்கு மட்டும் வழி திறந்திருந்தது. ஆகவே நடேசய்யர் புடவை மூட்டையுடன் வியாபாரியாக உள்ளே போனார். லயங்களைப் பார்த்தார், மக்களின் வாயால் கேட்டார், வெளியே வந்து எழுதினார். படித்த பிராமணர் ஒருவர் அந்நாளில் மூட்டை சுமந்து லயத்து வாசலில் உட்கார்ந்ததே ஒரு பெரிய காரியம் என்பேன்.

அவர் கண்டது என்ன? கடன். ஊரிலிருந்து புறப்படும்போதே தொழிலாளி கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனாளியாகி விடுவான். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத்தான் 'துண்டு' என்று பெயர். ஆட்களைப் பெற விரும்பும் தோட்டம் அத்துண்டிலுள்ள தொகையைக் கட்டினால், கங்காணி தன் ஆட்களுடன் அங்கே மாறிப்போவான். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் கூடுமேயன்றிக் குறையாது. தன் பேரில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பது கைநாட்டு வைத்தவனுக்கே தெரியாது. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் சட்டம் கொழும்பில் ஒழித்ததை லயத்திலிருந்தவனுக்கு யார் போய்ச் சொல்வது? கூலிக்காரனின் கூலியைப் பொழுது விடியுமட்டும் வைத்திருக்கலாகாது என்ற வேத கட்டளையை ஞாயிறுதோறும் ஆலயத்தில் கேட்ட துரைமாரும் அதைச் சொல்லவில்லை.

சொல்லும் வேலையைத்தான் நடேசய்யர் எடுத்துக்கொண்டார். 1924இல் அவர் தொடங்கிய 'தேசபக்தன்' பத்திரிகை தோட்டத்துச் செய்திகளைப் பகிரங்கமாக எழுதியது. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசித்தால் ஒரு லயமே கேட்கும். 1925இல் சட்டநிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தெரிவானார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் சேர்ந்து சிங்களத் தொழிலாளரோடும் உழைத்தார். பின்னர் குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகப் பேசத் தொடங்கவே, அந்த உறவு முறிந்தது. உண்மையைச் சொன்னால், நடேசய்யர் எவரோடும் நீண்டகாலம் ஒத்துப்போனவர் அல்லர். அது அவருடைய பலவீனமாகவும் இருந்தது.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் கிடைத்த முதலாவது பெரிய பாதுகாப்பு. அதன்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டது. (ஒரே மலையில், ஒரே வெயிலில் நின்ற பெண்ணுக்குச் சம கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.) சட்டம் வந்த பின்பும், அரைப்பேர் போடுவதையும் கணக்கில் கழிப்பதையும் தட்டிக்கேட்க ஆளில்லை. ஆகவே 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் அமைத்தார். தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுந்த முதற் சங்கம் இதுவே. கொழும்பை விட்டு அட்டனை நிலைக்களனாகக் கொண்டமை முக்கியமானது. பிரட்டுக்களத்தில் பேர் வெட்டப்பட்டவன் நடந்தே வந்து முறையிடக்கூடிய இடம் அதுதான். தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் நூலாகவும் எழுதி வெளியிட்டார்.

இங்கேதான் மீனாட்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நடேசய்யர் சபைக்கும் கூட்டங்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது பத்திரிகைப் பொறுப்பில் கைகொடுத்தவர் அவருடைய மனைவி மீனாட்சியம்மாள். ஆனால் அவருடைய மிகப்பெரிய பங்கு பாட்டு. பத்திரிகையை வாசிக்கத் தெரிந்தவர் சிலர், பாட்டைக் கேட்டுப் பாடத் தெரிந்தவர் அனைவரும். தொழிலாளரின் துன்பங்களையும் உரிமைகளையும் மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டாகக் கட்டினார். கூட்டங்களில் தாமே பாடினார். சிறு பிரசுரங்களாக அச்சிட்டும் பரப்பினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாட்டுநூல் 1940இல் வெளிவந்தது. பெண்கள் மேடையேறுவது அபூர்வமாயிருந்த அந்நாளில், கொழுந்து பறிக்கும் பெண்கள் தம்மைப் போன்ற ஒரு பெண் எழுந்து நின்று துரைத்தனத்தை எதிர்த்துப் பாடக் கண்டார்கள். ஒரு பேச்சாளர் போன பின் பேச்சு மறந்துபோகலாம். பாட்டோ மலைக்குப் போகும், கூடையோடு திரும்பி வரும்.

கணவன் வெளியே, மனைவி வீட்டிலே என்ற பிரிவினை அக்குடும்பத்தில் இருக்கவில்லை. நமது கிராம அபிவிருத்திப் பணிகளில் குடும்பத் தலைவரை மட்டும் கூட்டத்துக்கு அழைத்து, மனைவியைத் தேநீர் ஊற்ற வைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான நடேசய்யர் 1947 வரை அங்கே இருந்தார். அந்த ஆண்டுகள் இனிமையானவையல்ல. பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி 1930களின் ஆரம்பத்தில் கூலி குறைக்கப்பட்டிருந்தது. சம்மேளனம் தளர்ந்திருந்தது. 1937இல் கிராமச் சங்கத் தேர்தல்களில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1939இல் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ், அடுத்த ஆண்டு தன் தொழிற்சங்கத்தையும் தொடங்கியதும் தொழிலாளர் பெருமளவில் அதன்பால் சென்றனர். புதிய இயக்கத்துக்குப் பணபலமும் ஆள்பலமும் இருந்தன. ஆனால் உழுது வைத்த நிலத்தில்தான் அது விதைத்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

1947 பொதுத்தேர்தலில் நடேசய்யர் தோல்வியுற்றார். காங்கிரஸ் வேட்பாளர்கள் ஏழுபேர் பாராளுமன்றம் சென்றனர். அதே ஆண்டு நவம்பரில் நடேசய்யர் கொழும்பில் காலமானார். மறு ஆண்டு வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினாலும், 1949இல் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தத்தினாலும், அந்த எழுவரைத் தெரிவு செய்த மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவரும் வாக்கற்றவருமாயினர். அந்த நாளைக் காண அவர் இருக்கவில்லை.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் இத்தம்பதியரின் பணி பழைய பத்திரிகைத் தாள்களுக்குள் மங்கிக் கிடந்தது. மலையக எழுத்தாளர் சாரல்நாடன் அத்தாள்களைத் தேடிப் பொறுக்கி, 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலை 1988இல் வெளியிட்டார். நமது தோட்டப் பாடசாலை நூலகங்களில் அந்நூலின் ஒரு பிரதியாவது இருக்கிறதா என்று ஆசிரியர்கள் தேடிப் பார்ப்பது நல்லது. மீனாட்சியம்மாளின் பாட்டுப் பிரசுரம் ஏதேனும் எந்தப் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலாவது இன்னும் இருக்கக்கூடும்.