லுங்கிக்கு மேலே ஃபார்மல் சட்டை: ஏ.எஸ்.ராவ் நகர் மாடியில் ஓர் ஒத்திகை

வேலை கிடைத்த பிறகு ஸ்வீட் பாக்ஸ் நீட்டுவார்கள். லிங்க்ட்இன்னில் ஐடி கார்டோடு போட்டோ போடுவார்கள். அதற்கு முந்தைய கூத்தை யாராவது காட்டியிருக்கிறார்களா? எனக்குக் காட்டினார்கள்! ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு மாடி வீட்டின் கதவு எனக்காகத் திறந்தது. நீங்களும் கூடவே வாருங்கள். செருப்பை மட்டும் படியிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே ஒருவருக்கு இன்டர்வியூ ஓடிக்கொண்டிருக்கிறது.

மெயின் ரோட்டில் துணிக்கடைகளில் இன்னும் ஷட்டர் தூக்கவில்லை. டிபன் சென்டர் வாசலில் மட்டும் இட்லி, தோசைக்குக் கூட்டம். ஒரு குறுக்குத் தெருவில் திரும்பி, குறுகலான படி ஏறினால் கதவில் ஒரு காகிதம்: "இன்டர்வியூ நடக்கிறது. சிரிக்காதே." அதற்குக் கீழே தெலுங்கில் யாரோ பதில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என்னவென்று கேட்டேன். "சிரிப்பு வந்தா பால்கனிக்குப் போ" என்று எழுதியிருக்கிறதாம்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு லேப்டாப் சார்ஜர்கள். திரைச்சீலைக் கம்பியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று தொங்குகிறது. மூன்று பையன்களுக்கும் அதுதான் பொதுச் சட்டை. யாருக்கு வீடியோ இன்டர்வியூவோ அவர் அன்றைக்கு அதன் உரிமையாளர். கேமராவுக்குத் தெரியும் மேல்பாதியில் சட்டையும் டையும். கீழே கட்டம் போட்ட லுங்கி! லேப்டாப்பை முகத்துக்கு நேராக உயர்த்த, கேட் தேர்வுப் புத்தகங்களை அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் புத்தகங்கள் இவ்வளவு உயரத்துக்கு உதவும் என்று எழுதியவரே நினைத்திருக்க மாட்டார்.

இந்த மூவரில் ஒருவர் கரூர், ஒருவர் திருநெல்வேலி, மூன்றாமவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பக்கத்து லேடீஸ் பிஜியிலிருந்து கம்மம் பெண் ஒருவரும் வந்திருந்தார். எல்லோருக்கும் நடுவில் காலை மடித்து உட்கார்ந்திருப்பவர், ஒரு ஐடி நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் அக்கா. இவர்களை இன்டர்வியூவுக்குப் பழக்க சைனிக்புரியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார். சம்பளம் கிடையாது. உஸ்மானியா பிஸ்கட் மட்டும் உண்டு.

முதல் ஆட்டம் கரூர் தம்பியுடையது. அவருடைய ரெஸ்யூமேயை சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்திருந்தது. பளபளவென்று இருந்தது. அக்கா திரையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்னு இருக்கே. யாருடா அந்தப் பன்னிரண்டு பேர்?"

"காலேஜ் ப்ராஜெக்ட்க்கா... நாங்க நாலு பேர்."

"செயல்திறனை 40 சதவீதம் உயர்த்தினியா?"

"அது... அதுவா போட்டுருச்சுக்கா."

அறையே வெடித்தது. பால்கனிக்குப் போக யாருக்கும் நேரமில்லை. தம்பியும் சிரித்துவிட்டார்; ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. அக்கா திட்டவில்லை. அந்த லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்து, சாட்ஜிபிடிக்குத் தமிழிலேயே தட்டினார்: "நீ எதையும் எழுதாதே. என்னிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேள். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே. எண் தேவைப்பட்டால் என்னைக் கேள்."

இந்த வீட்டுக்கு நான் வந்ததன் பலன் அந்த நிமிடத்தில் கிடைத்துவிட்டது. எழுதித் தள்ளிக்கொண்டிருந்த யந்திரம் கேட்க ஆரம்பித்தது. விடுமுறையில் என்ன செய்தீர்கள்? "மாமாவோட பெட்ஷீட் யூனிட்ல சும்மா இருந்தேன்." சும்மா என்றால்? "பண்டில் கணக்கு போட்டேன்." அதற்கு முன் எப்படிப் போட்டார்கள்? "நோட்டுல. ஒரே பண்டிலை ரெண்டு தடவை எழுதிருவாங்க, லோடு ஏத்துற நேரத்துல சண்டை வரும்." நீங்கள் என்ன செய்தீர்கள்? தம்பி இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். எக்செல்லில் ஏற்றியது, ஒரே எண் இரண்டு முறை வந்தால் சிவப்பாகக் காட்ட வைத்தது, மாமா அதைப் பார்த்துவிட்டு பிரியாணி வாங்கித் தந்தது வரை கொட்டினார்.

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா?" என்றார் கடைசியில்.

"இதுதாண்டா வேலை!"

பன்னிரண்டு பேரும் 40 சதவீதமும் அழிந்தன. அந்த இடத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது: குடும்ப ஜவுளி யூனிட்டில் கைநோட்டில் இருந்த பண்டில் கணக்கை எக்செல்லுக்கு மாற்றினேன், ஒரே பண்டில் இருமுறை பதிவாவதைக் கண்டுபிடிக்கும் வசதி செய்தேன். இந்த வரியைப் பற்றி யார் எப்படிக் குடைந்து கேட்டாலும் தம்பியால் ஒரு மணி நேரம் பேச முடியும். எழுதச் சொன்னபோது அடித்துவிட்ட அதே ஏஐ, கேட்கச் சொன்னபோது அவரிடமிருந்தே அவருடைய கதையை வாங்கிவிட்டது. நான் எழுந்து நின்று கைதட்டினேன், "சத்தம்!" என்று நால்வரும் ஒரே நேரத்தில் என்னை அடக்கினார்கள்.

டீ வந்தது. அக்கா தன் போனை எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு, தனக்கு வந்த கவர் லெட்டர்களைக் காட்டினார். இது பொதுமக்கள் பார்க்கவே முடியாத காட்சி. ஆசையாக எட்டிப் பார்த்தேன். முதல் கடிதம்: "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் அறிவிப்பைக் கண்டு மிகுந்த உற்சாகம் அடைந்தேன்." இரண்டாவதிலும் அதே உற்சாகம். மூன்றாவதிலும். ஒருவர் "இங்கே நிறுவனத்தின் பெயரை எழுதவும்" என்ற வரியை அப்படியே அனுப்பியிருந்தார். "பாவம், நல்ல பையனா இருப்பான். ஆனா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா. அந்தக் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

ஏடிஎஸ் என்றால் இந்த அறையில் எல்லோருக்கும் ஒரு நடுக்கம். ஏதோ பூதம் வாசலில் நின்று ரெஸ்யூமேயைக் கிழித்துப்போடுகிறது என்று நம்புகிறார்கள். அக்கா சிரித்தபடி விளக்கினார்: பெரும்பாலும் அது வரும் விண்ணப்பங்களை வாங்கி அடுக்கி, தேடினால் எடுத்துக் கொடுக்கும் சாஃப்ட்வேர். அவர் "எஸ்க்யூஎல்" என்று தேடினால் அந்தச் சொல் இருப்பவை மேலே வரும். அதனால் ஜேடியில், அதாவது வேலை விவரக் குறிப்பில், ஒரு திறமைக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்களோ, அது உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றால், அதே பெயரில் எழுதுங்கள். கட்டம், இரட்டைப் பத்தி, நட்சத்திர மதிப்பெண் எல்லாம் வேண்டாம். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் ரகசியச் சொற்களை ஒளித்து வைக்கும் தந்திரம்? "எங்க திரைக்கு வரும்போது கலர் போயிடும், எழுத்து மட்டும் நிக்கும். பளிச்னு தெரியும்" என்றார். செகந்திராபாத் தம்பி சத்தமில்லாமல் தன் லேப்டாப்பைத் திருப்பி எதையோ அழித்தார். யாரும் கேட்கவில்லை.

யந்திரம் தேர்ந்தெடுத்தால் பாரபட்சம் இருக்காது என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. அமேசான் அப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. பத்தாண்டு ரெஸ்யூமேகளைக் கொடுத்துப் பழக்கியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. "பெண்கள்" என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைக்க அது கற்றுக்கொண்டது. அதைக் கைவிட்ட கதையை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. இப்படிப்பட்ட கருவிகளை ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற சட்டத்தை நியூயார்க் நகரம் 2023 ஜூலையிலிருந்து அமல்படுத்துகிறது. அக்கா இதைச் சொல்லக் கேட்ட கம்மம் பெண், "அப்போ என் வுமன்ஸ் காலேஜ் பேரை எடுத்துடணுமா அக்கா?" என்றார். "எடுக்கவே கூடாது" என்றார் அக்கா, இதுவரை காட்டாத கோபத்தோடு.

கீழ்வீட்டு அங்கிள் மேலே வரும் சத்தம் கேட்டது. அறை முழுக்கப் பரபரப்பு. லுங்கிகள் சரிசெய்யப்பட்டன. இவர்தான் வீட்டு ஓனர், கும்பகோணத்துக்காரர், எழுபதுகளின் கடைசியில் ஈசிஐஎல் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்றும் இதே பகுதியில் தங்கிவிட்டவர். ஒத்திகை இன்டர்வியூவில் எதிர் நாற்காலி அவருடையது.

இந்தப் பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே ஈசிஐஎல்லை நிறுவிய டாக்டர் ஏ.எஸ்.ராவ். 1967-ல் அணுசக்தித் துறையின் கீழ் தொடங்கிய நிறுவனம் அது; அதன் ஊழியர்களுக்காக எழுந்த காலனிதான் இன்றைக்குக் கடைகளும் பிஜிக்களுமாக நிறைந்திருக்கிறது. இந்தியாவிலேயே உருவான ஆரம்பகாலக் கணினிகளில் ஒன்றான டிடிசி-12-ஐ 1969-ல் ஈசிஐஎல் தயாரித்தது. நம் வாக்குப்பதிவு இயந்திரங்களைச் செய்யும் இரண்டு பொதுத்துறை நிறுவனங்களில் ஒன்றும் இதுதான். அங்கிள் கைவைத்தது டிடிசி-12-க்குப் பின்னால் வந்த டிடிசி-316-ல். காகித நாடாவில் துளை போட்ட காலத்தைப் பற்றிக் கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"எங்க காலத்துல மெஷின் தப்பா பதில் சொன்னா, நாங்க தப்பா துளை போட்டிருக்கோம்னு அர்த்தம்" என்றார். "இப்ப நீ சரியா கேட்டாலும் அது தப்பா சொல்லும். அதுவும் தைரியமா சொல்லும். சரிபார்க்க வேண்டியது நீதான்டா."

திருநெல்வேலித் தம்பி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை இன்று அவருக்கு. முந்தின ராத்திரி போனில் வாய்ஸ் மோடைப் போட்டு, "கடுமையான மேனேஜர் மாதிரி என்னைக் கேள்" என்று பத்துப் பதினைந்து கேள்விக்குப் பழகியிருந்தார். அந்தப் பழக்கம் நன்றாகவே வேலை செய்தது. முதல் மூன்று பதில்களில் தடுமாற்றமே இல்லை. நான்காவது கேள்விக்கு அவர் கண் இடமிருந்து வலமாக, மறுபடி இடமிருந்து வலமாக ஓடியது. அங்கிள் எழுந்து போய் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"ரயில் பார்க்கிற மாதிரி கண்ணு போகுது. எதைப் படிக்கிற?"

மூடும்வரை திரையில் ஏஐயின் பதில் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து முடிக்கும் வரை அறையில் ஒருவரும் பேசவில்லை. தம்பியின் சட்டை முதுகில் வியர்வை பெரிய வட்டமாகப் பரவியிருந்தது. அக்காதான் மௌனத்தை உடைத்தார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ராய் லீ, கோடிங் இன்டர்வியூவில் விடையைத் திருட்டுத்தனமாகக் காட்டும் ஆப் செய்தார். 2025-ல் அது உலகம் முழுக்கச் செய்தியாகி, கல்லூரியில் இடைநீக்கம் வரை போனது. அதே ஆண்டு ஜூனில் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை, குறைந்தது ஒரு சுற்றையாவது நேருக்கு நேர் நடத்தப்போவதாகச் சொன்னார். நேரில் உட்காரும்போது எந்தத் திரையைப் பார்ப்பாய் என்று அக்கா கேட்க, தம்பி "தெரியலைன்னு சொல்லலாமா அங்கிள்?" என்றார்.

"தாராளமா சொல்லு. எப்படித் தெரிஞ்சுக்குவேன்னும் சேர்த்துச் சொல்லு."

மறுபடி அதே கேள்வி. இந்த முறை திக்கினார், நிறுத்தினார், யோசித்தார், சொன்னார். பதில் பாதிதான் சரி. அங்கிள் முகத்தில் வந்த சிரிப்பு முழுசு.

மதியச் சாப்பாட்டுக்கு முன் கம்மம் பெண் ஒரு ஆஃபர் லெட்டரைக் காட்டினார். பிரமாதமான ஆங்கிலம், லோகோ, கையெழுத்து எல்லாம் உண்டு. கடைசிப் பத்தியில் மட்டும் லேப்டாப்புக்குத் திருப்பித் தரப்படும் முன்பணம் கேட்டிருந்தார்கள். முன்பெல்லாம் போலிக் கடிதத்தை எழுத்துப்பிழையே காட்டிக்கொடுத்துவிடும். ஏஐ வந்தபின் மோசடிக்காரனும் அழகாக எழுதுகிறான். "இது நிஜமா?" என்று அவர் சாட்பாட்டிடம் கேட்டிருக்கிறார், "பார்க்க முறையாக இருக்கிறது" என்று அதுவும் சொல்லியிருக்கிறது. கடிதத்தைப் பார்க்க மட்டும்தான் அதனால் முடியும், அனுப்பியவனைப் பார்க்க முடியாது. அக்கா மின்னஞ்சல் முகவரியைப் பெரிதாக்கினார். நிறுவனத்தின் பெயருக்குள் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. வேலை கொடுப்பவர் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், வெட்கப்படாமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எல்லோருடைய ரெஸ்யூமேயிலிருந்தும் ஆதார் எண், பான் எண், அப்பா பெயர், வீட்டு முகவரி நீக்கப்பட்டன. ஏஐயிடம் திருத்தக் கொடுக்கும் பிரதியில் இவை எதற்கு என்பது அக்காவின் கேள்வி. ஊர் பெயரும் போன் நம்பரும் கடைசியில், அனுப்பும் பிரதியில் மட்டும் சேர்ந்தன.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள். உங்கள் தெருவிலும் ஒரு மாடி இருக்கும், அதில் ஒரு பொதுச் சட்டை தொங்கும். ஏஐ அந்தப் பிள்ளைகளை ராத்திரி முழுக்கக் கேள்வி கேட்கும்; மறுநாள் எதிர் நாற்காலியில் உட்கார ஒரு மனிதர் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நீங்கள் போய் உட்காருங்கள்.