எந்த வார்டு, காகா?

சென்ற மழைக்காலத்துக்கு முன், எங்கள் குடியிருப்பு வாசலில் நிற்கும் மரத்தின் கிளைகளை வெட்டக் கோரி மனு எழுதிக்கொண்டு மாநகராட்சி வார்டு அலுவலகம் போனேன். "எந்த வார்டு, காகா?" என்று மராட்டியில் கேட்டார் குமாஸ்தா. "செம்பூர்" என்றேன். "எம் கிழக்கா, எம் மேற்கா?" விழித்தேன். எந்தக் கிலோமீட்டர் கல் எந்த செக்‌ஷனைச் சேர்ந்தது என்று 38 வருஷம் ரயில்வேயில் தூக்கத்திலும் சொன்னவன், என் வீட்டின் எல்லை தெரியாமல் தவறான அலுவலகத்தில் நின்றேன்!

நம் செம்பூருக்கு ரயில் வந்த கதையே நகராட்சிக் கதைதான். 1906இல் குர்லாவிலிருந்து போட்ட பாதை, பம்பாயின் குப்பையைச் சுமந்து வரத்தான். பயணிகள் ஏறியது 1924இல். பிரிவினைக்குப் பின் அகதிகள் முகாம் வந்தது. 1950களில் மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. மாட்டுங்காவில் இடம் போதாத நம்மவர் பலரும் இங்கே குடியேறினார்கள். கோயில் எழுந்தது, சபா எழுந்தது. ஓர் ஊருக்கு வேண்டியதெல்லாம் உண்டு. தனி நகராட்சி மட்டும் இல்லை.

நமக்கு நகராட்சி என்பது வார்டு அலுவலகமே. செம்பூர், திலக் நகர், மாஹுல் பக்கம் எம் மேற்கு. கோவண்டி, தேவ்நார், மான்குர்த் பக்கம் எம் கிழக்கு. மாட்டுங்கா எஃப் வடக்கிலும் தாராவி ஜி வடக்கிலும் சேரும். தண்ணீர், சாக்கடை, குப்பை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் போக வேண்டிய படி அதுதான். அவசரமென்றால் 1916க்குப் போன் செய்யலாம்.

1888ஆம் வருஷத்துச் சட்டப்படி நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் கமிஷனரிடம். மேயருக்கு மரியாதை அதிகம், அதிகாரம் குறைவு. ஆகவே, நம் சார்பில் கேள்வி கேட்கக்கூடியவர்கள் 227 கார்ப்பரேட்டர்கள்தான். 2022 மார்ச்சில் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரி 15இல்தான் நடந்தது. ஏறக்குறைய நான்கு வருஷம், கேட்க ஆளில்லாத நகரம்!

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. அந்த நான்கு வருஷமும் கார்ப்பரேட்டர் இல்லை என்பதே நம்மில் பலருக்குத் தெரியவில்லை. எனக்கே அன்று அந்த அலுவலகத்தில் நின்றபோதுதான் உறைத்தது. தமிழ்நாட்டுத் தேர்தலைத் தொகுதி வாரியாகப் பேசுகிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது என்று தெரியாது. "நாம் வந்த இடத்து ஜனங்கள், நமக்கேன்?" என்ற பழைய பேச்சு இனி வேண்டாம். பேரப்பிள்ளைகள் பிறந்ததும் படிப்பதும் இங்கேதான்.

அன்பர்களே, இன்று மாலையே ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் வார்டின் பெயரையும் உங்கள் கார்ப்பரேட்டரின் பெயரையும் எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நான் ஒட்டிவிட்டேன். மனுவைச் சரியான அலுவலகத்திலும் கொடுத்துவிட்டேன்.