தங்கும் அனுமதி வரலையா? ஜெர்மனியில் பேங்க் கணக்கு கேட்கலாம்!

அகதி மனு போட்டுவிட்டு ஜெர்மனியில் காத்திருப்பவருக்கு பெரிய தலைவலி பேங்க் கணக்கு. வேலை கிடைத்தாலும், "சம்பளத்தை எதுல போட?" என்பார் முதலாளி. ரூம்ல இருக்கிறவர் கணக்கைக் கொடுத்தால், அவர் மனசு வைத்தால்தான் காசு.

2016 ஜூனில் அமலான சட்டப்படி, மனு நிலுவையில் இருப்பவரும் 'பாசிஸ்கோன்டோ' எனும் அடிப்படைக் கணக்கு கேட்கலாம். நாடு கடத்தலைத் தற்காலிகமாக நிறுத்தித் தரும் 'டுல்டுங்' சீட்டு வைத்திருப்பவருக்கும் உண்டு. பாஸ்போர்ட் இல்லையா? வெளிநாட்டவர் அலுவலகம் போட்டோவோடு தந்த அந்தச் சீட்டைக் காட்டலாம்.

கவுண்டரில் வாயால் "முடியாது" என்றால் நகராதீங்க; படிவம் வாங்கி நிரப்பிக் கொடுங்க. 10 வேலை நாளில் வங்கி பதில் சொல்லணும். மறுத்தால் எழுதித் தரணும். அந்தக் காகிதத்தோடு 'பாஃபின்' எனும் வங்கிக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிடலாம்.

மாசக் கட்டணம் பிடிப்பாங்க, அதையும் முதல்லயே கேட்டுக்குங்க.