கர்ப்பிணிக்கு அசதி, குளிர் காய்ச்சல்: 'மசக்கைதான்' என்று விட்டுவிடலாமா? மலேரியா, ரத்தசோகை பற்றித் தெரிய வேண்டியவை

உடம்பு அசதியா இருக்கா? "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும்." தலை சுத்துதா? "வெயில்ல நின்னிருப்ப." சாயங்காலம் குளிர் காய்ச்சலா? "மழையில நனைஞ்சது, கஷாயம் வெச்சுக் குடி."

கர்ப்பிணி எதைச் சொன்னாலும் வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கும். ஆனால் இந்த மூன்றுக்கும் காரணம் ஒரே இடத்தில், அதாவது ரத்தத்தில் இருக்கலாம். ஒன்று ரத்தசோகை, இன்னொன்று மலேரியா. இரண்டும் சேர்ந்து வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து.

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கடற்கரையில் உள்ள எக்கியார்குப்பம் போன்ற ஊர்களில் இதைத் தெரிந்துவைத்திருப்பது இன்னும் அவசியம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளங்களும் கழுவெளியும். அங்கே அசதிக்கும் தலைசுற்றலுக்கும் வெயில் மேல் பழி போடுவது ரொம்ப சுலபம்.

எப்போது ரத்தசோகை என்று சொல்வார்கள்?

ரத்தத்தின் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனை உடம்பு முழுக்கக் கொண்டு போகிறது. கர்ப்பிணிக்கு இந்த அளவு 11 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது. 7 முதல் 9.9 வரை நடுத்தரம். 7-க்குக் கீழே போனால் தீவிரம்.

கர்ப்பகாலம் முழுவதற்கும் ஒரு பெண்ணுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து கூடுதலாகத் தேவைப்படுகிறது. குழந்தைக்கு, நஞ்சுக்கொடிக்கு, பெருகும் ரத்தத்துக்கு என எல்லாவற்றுக்கும் அவள் உடம்பிலிருந்துதான் போக வேண்டும். ஏற்கெனவே சத்து குறைவாக இருக்கும் பெண்ணுக்கு சாப்பாடு மட்டும் போதாமல் போவது இதனால்தான்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48.3 சதவீதம். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அப்படியும் ஏறக்குறைய பாதி கர்ப்பிணிகள் ரத்தம் குறைவாகத்தான் இருக்கிறார்கள்.

மலேரியா என்ன செய்கிறது?

மலேரியா கிருமி முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பெருகும். பிறகு சிவப்பணுக்களுக்குள் நுழைந்து, உள்ளே பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உடனே அடுத்த அணுவுக்குள் போகும். குளிர், நடுக்கம், காய்ச்சல், வியர்வை என்று வருவது இந்த உடைப்பின் விளைவுதான். ஒவ்வொரு சுற்றிலும் ரத்தம் குறைகிறது.

அதாவது, சத்துக் குறைவால் புது ரத்தம் ஊறுவது ஒரு பக்கம் தடைபடுகிறது. மறுபக்கம் இருக்கிற ரத்தத்தையும் மலேரியா அழிக்கிறது.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் கூடுதல் ஆபத்து?

கர்ப்பகாலத்தில் மலேரியாவை எதிர்க்கும் சக்தி குறைகிறது. மலேரியாவில் தீவிரமான வகை ஃபால்சிபாரம். அந்தக் கிருமி புகுந்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் குழந்தைக்குப் போக வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் தடைபடும். எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம், கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது வரை போகலாம். மலேரியா அதிகமுள்ள நாடுகளில் முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிருமி நஞ்சுக்கொடியில் ஒளிந்திருந்தால் விரலில் எடுக்கும் ரத்தத்தில் அது தெரியாமல் போகலாம். அதனால் ஒரு டெஸ்ட் 'இல்லை' என்று வந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால், மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது வைவாக்ஸ் வகை. இது கல்லீரலில் தூங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி எழும். "போன தடவையே சரியாயிடுச்சே" என்று நினைத்திருக்கும்போது திரும்பக் காய்ச்சல் வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரத்தம் போகும்.

ரத்தம் குறைந்த நிலையிலேயே பிரசவத்துக்குப் போனால் என்ன ஆகும்? பிரசவத்தில் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனாலும் தாங்கும் சக்தி இருக்காது. பிரசவத்துக்குப் பிறகு தொற்று வரும் வாய்ப்பும் கூடும்.

உப்புத் தண்ணீரில் மலேரியா கொசு வளருமா?

மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் கொசு. "கடல் ஓரம் உப்புத் தண்ணி, அங்க எப்படிக் கொசு?" என்று தோன்றலாம். உப்பு விளையும் பாத்தியின் கடும் உப்பில் அது வளர்வது கடினம்தான். ஆனால் மழைத் தண்ணீர் கலந்து உப்பு குறைந்த தேக்கம், காயல் ஓரக் குட்டை, முகத்துவாரத்தில் பாசி படர்ந்த நீர் போன்றவற்றில் வளரும் ஒரு வகை உண்டு. அதன் பெயர் அனாஃபிலிஸ் சப்பிக்டஸ்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் புதுச்சேரியில்தான் நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மத்திய அரசின் ஆய்வு மையம் 1975 முதல் இயங்குகிறது. தென்கிழக்குக் கடற்கரை கிராமங்களில் இந்தக் கொசு மலேரியாவைப் பரப்புவதை 1981-லேயே அதன் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். பாசி படர்ந்த நீரில்தான் லார்வாக்கள் அதிகம் என்று தெரிந்ததும், மருந்து அடிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஊர் மக்களைக் கொண்டே பாசியை அள்ளி, அதிலிருந்து காகிதம் தயாரிக்க வழி செய்தார்கள். கொசுவும் குறையும், கையில் கொஞ்சம் காசும் வரும் என்பதுதான் கணக்கு.

நகரங்களில் வேறொரு வகை இருக்கிறது. அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி. இது மூடாத மேல்நிலைத் தொட்டி, கிணறு, சிமென்ட் தொட்டி போன்ற நல்ல தண்ணீரில் வளரும்.

மலேரியாதான் குறைந்துவிட்டதே?

உண்மைதான். தமிழ்நாட்டில் மலேரியா முன்பு போல இல்லை. 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது என்பது இந்தியாவின் இலக்கு. அண்டை நாடான இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது. ஆனால் இன்றும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவர்களை அங்கே சோதிக்கிறார்கள்.

காரணம், கிருமி மனிதர்களோடு பயணம் செய்யும். வெளி மாநிலப் படகுகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் கணவர், கட்டட வேலைக்கு வந்து தங்கியவர்கள் என்று யாருடைய ரத்தத்திலும் அது வரலாம். ஊரில் கொசு இருந்தால் அதிலிருந்து அடுத்தவருக்குப் பரவும். அதனால் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் "வீட்டில் யாராவது வெளியூர் போய் வந்தார்களா?" என்று கேட்பார்கள். அந்த விவரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

என்ன டெஸ்ட், என்ன மருந்து?

காய்ச்சல் வந்த அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியா டெஸ்ட் கேளுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். உடனடி டெஸ்ட் கிட் இருந்தால் 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். அரசு நிலையங்களில் இதற்குக் காசு கிடையாது.

மலேரியா என்று உறுதியானால் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான மருந்து உண்டு. வைவாக்ஸ் வகைக்குக் குளோரோகுயின் கொடுக்கலாம். ஃபால்சிபாரம் என்றால், எத்தனையாவது மாதம் என்று பார்த்து டாக்டர் மருந்தை முடிவு செய்வார். ஆனால் கல்லீரலில் தூங்கும் கிருமியை ஒழிக்கும் பிரிமாகுயின் மாத்திரையைக் கர்ப்பிணி சாப்பிடக் கூடாது. வீட்டில் வேறு யாருக்கோ கொடுத்த மலேரியா மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான். பிரசவத்துக்குப் பிறகு இதை எப்போது எடுப்பது என்று டாக்டர் சொல்வார்.

ஆப்பிரிக்காவில் மலேரியா அதிகமுள்ள நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு நோய் வரும் முன்பே தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். இந்தியாவில் அந்த முறை இல்லை. இங்கே கொசுக்கடியைத் தடுப்பதும், சீக்கிரம் கண்டுபிடிப்பதும்தான் வழி.

சத்து மாத்திரை: பயப்பட வேண்டுமா?

நான்காவது மாதத்திலிருந்து தினமும் ஒரு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கர்ப்பகாலத்தில் குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள். ரத்தசோகை இருந்தால் தினமும் இரண்டு மாத்திரை தருவார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பிரசவம் நெருங்கியவர்களுக்கும் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றுவதும் உண்டு.

இந்த மாத்திரைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இங்கிலாந்து டாக்டர் லூசி வில்ஸ் 1928-ல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளர் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-ல் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணி தொடர்ந்தது. அதுதான் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தப் பெண்களுக்கு ரத்தம் ஊறுவதை அவர் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது.

"மாத்திரை சாப்பிட்டா கொழந்த கறுப்பா பொறக்கும்" என்பது தவறு. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். "இரும்புச்சத்து கொடுத்தால் மலேரியா கிருமிக்குத் தீனி ஆகுமா?" என்ற சந்தேகம் டாக்டர்களுக்கே இருந்தது. கென்யாவிலும் தான்சானியாவிலும் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வுகளில், இரும்புச்சத்தால் மலேரியா கூடவில்லை என்று தெரிந்தது. அதனால் அந்தப் பயத்தில் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

குமட்டல் வந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். டீ, காபியோடு போடக் கூடாது. கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும்.

மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா?

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒழுங்காக ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால், "அவ உடம்பு வாகு அப்படி" என்று விடக் கூடாது. வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். மலேரியாவாக இருக்கலாம். குடலில் கொக்கிப்புழு இருந்து ரத்தம் உறிஞ்சலாம். தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறாகவும் இருக்கலாம்.

கொக்கிப்புழு, மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து வெறும் கால் வழியாக உடம்புக்குள் போகும். அதனால் தோப்புப் பக்கம் போகும்போது செருப்பு அவசியம். முதல் மூன்று மாதம் முடிந்த பிறகு புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று தருவார்கள். அதைத் தவிர்க்காதீர்கள்.

தடுக்க என்ன செய்யலாம்?

* அனாஃபிலிஸ் பெரும்பாலும் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். மருந்து தோய்த்த கொசுவலைக்குள் தூங்குங்கள். அது கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது. திண்ணையிலோ மணலிலோ படுத்தாலும் வலை வேண்டும்.
* சாயங்காலம் கை, கால் மூடும் உடை போடுங்கள்.
* தண்ணீர்த் தொட்டி, டிரம், கிணறு எல்லாவற்றையும் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்.
* மழைக்குப் பிறகு படகு, பழைய ஐஸ் பெட்டி போன்றவற்றில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஊருக்குப் பக்கத்தில் பாசி படர்ந்த குட்டை இருந்தால் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.
* முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, ஈரல், நெத்திலி போன்ற மீன்களைச் சேருங்கள். மீன், கறியில் இருக்கும் இரும்புச்சத்து சுலபமாக உடம்பில் சேரும். வீட்டில் மீன் இருந்தால் கர்ப்பிணிக்கு முதலில் வையுங்கள், மிச்சத்தை அல்ல.
* தமிழ்நாடு உப்பு நிறுவனம் வாலிநோக்கத்தில் இரும்புச்சத்தும் அயோடினும் சேர்த்த உப்பைத் தயாரிக்கிறது. வழக்கமான உப்புக்குப் பதில் அதைப் பயன்படுத்தலாம். அதற்காக உப்பைக் கூடுதலாகப் போடக் கூடாது. மாத்திரைக்கு அது மாற்றும் அல்ல.
* கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் இந்தப் பதிவுதான் அடிப்படை. அதில் வரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம் எல்லாம் இருக்கும். அவை கர்ப்பிணிக்கு மட்டும்தான்.
* ஒவ்வொரு செக்கப்பிலும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டு, எண்ணைக் குறித்துவையுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியது எப்போது?

குளிர் நடுக்கத்தோடு கடும் காய்ச்சல், வலிப்பு, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது அல்லது குறைவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் என்றால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

உள் உதடு, கண் கீழ் இமையின் உட்புறம், நகம் ஆகியவை வெளுத்திருக்கிறதா என்று வீட்டில் இருப்பவர்களே பார்க்கலாம். வெளுப்பு என்றால் ஹீமோகுளோபின் டெஸ்ட். காய்ச்சல் என்றால் மலேரியா டெஸ்ட். இரண்டும் இருந்தால் இரண்டு டெஸ்டும். அசதிக்குக் காரணம் வெயிலா, மசக்கையா, நோயா என்பதை அந்த ஒரு சொட்டு ரத்தம் சொல்லிவிடும்.