கம்ப்யூட்டர் பாடினால் ஸ்டீரியோ ஏன் உறுமுகிறது?

மும்பை செம்பூரில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் அவர் வீட்டில் இன்னமும் நல்ல நிலையில் உள்ளன. மார்கழிக் கச்சேரிகளைக் கேட்பதற்காகப் பேரன் தன் லாப்டாப்பை அதில் இணைத்துக் கொடுத்தான். பாட்டு வந்தது, கூடவே 'ங்ங்' என்று ஓர் உறுமலும் வந்தது. ஆலாபனையில் பாடகர் குரலைத் தாழ்த்தும்போதெல்லாம் அது மேலெழுந்தது. தம்புராவுடன் சேராத இன்னொரு சுருதி! சங்கீத ரசிகருக்கு இதைவிடச் சித்திரவதை வேறில்லை.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் ஒரே வினாடியில் வைத்தியம் சொன்னார்: "ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் மேலே இருக்கிற தடித்த பின்னைக் கழற்றி விடுங்க சார், சத்தம் போயிடும்."

போகத்தான் செய்தது. ஆனால் அந்தப் பின்தான் எர்த். உள்ளே ஒயர் தளர்ந்து இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டால், மின்சாரத்தைப் பூமிக்கு இழுத்து ஃபியூஸைப் போக்குவது அதுவே. அது இல்லாத பெட்டியில் 230 வோல்ட் காத்திருக்கும். கை வைக்கும் குழந்தையின் உடம்பே பூமிக்கு வழியாகிவிடும். பெரியவர் மறுநாளே பின்னைத் திரும்ப மாட்டச் சொன்னார். நல்ல காரியம் செய்தார்.

உறுமலுக்குக் காரணம் என்ன? லாப்டாப் சார்ஜர் ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபயர் எதிர்ச் சுவரில். இரண்டுக்கும் எர்த் உண்டு. பாட்டைக் கொண்டு செல்லும் ஒயரின் வெளிப்பின்னல் இரண்டையும் மறுபடி இணைக்கிறது. ஆக ஒரு வளையம். அதில் சிறு மின்னோட்டம் சுற்றுகிறது. நம் நாட்டு மின்சாரத்தின் 50 சைக்கிளும் அதன் இரட்டிப்பான 100 சைக்கிளும் ஸ்பீக்கரில் கேட்கின்றன. இதை 'எர்த் லூப்' என்பார்கள்.

சோதிப்பது சுலபம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லாப்டாப்பை பாட்டரியில் ஓட விட வேண்டும். செம்பூர் வீட்டில் உறுமல் உடனே நின்றது. நிற்காவிட்டால், ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்த டி.வி.யின் கேபிள் ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம். அதன் வழியாகவும் எர்த் வரும்.

இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதும் உறுமல் பெருமளவு குறைந்தது. மிச்சத்துக்குப் பேரன் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடு கடைகளில் தேடினான். சிறு டிரான்ஸ்பார்மர்கள் அடங்கிய ஒரு டப்பா, சில நூறு ரூபாய். பாட்டு ஒயரின் நடுவே மாட்டினால் வளையம் அறுந்துவிடும். மிக மலிவானது கூடாது. மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்து போகும்.

மவுஸை நகர்த்தும்போது கீச்சிடுவது வேறு நோய். அது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருவது, யு.எஸ்.பி.யில் செருகும் தனி சவுண்ட் கார்டு அல்லது புளூடூத் ரிசீவர் உதவும். ஒயரை 'ஃபோனோ' துளையில் செருகவே கூடாது. அது இசைத்தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்குவதற்கானது; 'ஆக்ஸ்' துளையே சரி. கம்ப்யூட்டரில் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, ஆம்ப்ளிஃபயரில் குறைத்துக்கொண்டால் இரைச்சலும் அடங்கும்.

பழைய கட்டடங்களில் சில பிளக் பாயிண்டுகளில் எர்த் ஒயரே இருப்பதில்லை. லாப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் 'சுருசுரு'வென்று இருந்தால் அதைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். செம்பூர் பெரியவர் வீட்டில் அப்படிச் சோதித்தபோது, சமையலறைப் பாயிண்ட் ஒன்று வெறுமையாக இருந்தது தெரிய வந்தது. மிக்சி ஓடுவது அதில்தான்.