பவர் கண்ணாடி அணிபவர் கடலுக்கடியில் எப்படிப் பார்ப்பது?

புதுச்சேரிக்கும் அந்தமானின் ஹேவ்லாக்குக்கும் ஸ்கூபா டைவிங் போகிறவர்களில் கண்ணாடி அணிபவர்கள் நிறையப் பேர். பலர் கண்ணாடியைப் படகிலேயே கழற்றி வைத்துவிட்டு, பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் மங்கலாகவே இறங்குகிறார்கள். அப்படி இறங்கக் கூடாது. சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதைத் தன் கண்ணாலேயே படிக்க முடியாதவருக்குக் கடலடி பாதுகாப்பான இடமல்ல.

தண்ணீரில் ஏன் மங்குகிறது?

ஒளியைக் குவிக்கும் வேலையில் பெரும்பங்கு கருவிழியுடையது. காற்றிலிருந்து நுழையும் ஒளியைத்தான் அது நன்றாக வளைக்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் கருவிழியினுடையதற்கு மிக அருகில் இருப்பதால், வெறும் கண்ணோடு மூழ்கினால் 40 டையாப்டருக்கும் (கண்ணாடிப் பவரின் அலகு) மேலான திறன் போய்விடுகிறது. மாஸ்க், கண்ணுக்கு முன்னால் காற்றை நிறுத்தி அந்தத் திறனை மீட்டுத் தருகிறது. அதன் தட்டைக் கண்ணாடி வழியே 1 மீட்டரில் இருக்கும் மீன் சுமார் 75 செ.மீ.யில் இருப்பதுபோல, மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மைனஸ் 1 அளவில் கிட்டப்பார்வை உள்ள சிலர் பவர் இல்லாமலே சமாளிப்பது இதனால்தான்.

பவர் மாஸ்க்

என் பரிந்துரையில் முதலிடம் பவர் பொருத்திய மாஸ்க்குக்கே. சாதாரணக் கண்ணாடியை மாஸ்க்குக்குள் போட்டால் அதன் காம்பு விளிம்பைத் தூக்கிவிடும், நீர் புகும். நீச்சல் காகிள்ஸ் அதைவிட மோசம். அதற்குள் மூக்கு இல்லாததால், ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மூக்கு வழியே காற்றூதிச் சமன்செய்ய முடியாது. கண்ணின் வெள்ளைப்பகுதியில் ரத்தம் கசியலாம்.

பல மாஸ்க்குகளில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரை டையாப்டர் இடைவெளியில் வரும் ரெடிமேட் லென்ஸைப் பொருத்தலாம். கண்ணாடிச் சீட்டில் உள்ள சிலிண்டர் பவர் சிறிதாக இருந்தால் அதில் பாதியை முதன்மைப் பவரோடு கூட்டிக்கொள்வார்கள்: மைனஸ் 3, சிலிண்டர் மைனஸ் 1 என்றால் மைனஸ் 3.5. சிலிண்டர் அதிகமென்றால் உங்கள் அளவுக்கென்றே லென்ஸ் செய்து ஒட்டித் தரச் சொல்லுங்கள். பயிற்சி மையத்தில் உங்கள் பவர் இருக்கும் என்று நம்பிப் போகாமல் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு

வெள்ளெழுத்து இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். தூரத்துப் பவளப்பாறை தெளிவாகத் தெரிவதால் கண்ணில் குறையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கையிலுள்ள, காற்றின் அளவைக் காட்டும் மீட்டரின் பிம்பம் நீருக்கடியில் இன்னும் அருகே வந்துவிடும். எழுத்து பெரிதானாலும் மங்கும். ஆழத்தில் வெளிச்சமும் குறைவு. 200 பாரில் தொடங்கிய சிலிண்டர் 50 பாரை நெருங்குவதைக் கவனிக்கத் தவறினால் உயிருக்கே ஆபத்து. மாஸ்க் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் ஒட்டும் சிறிய படிப்பு லென்ஸ்கள் கிடைக்கின்றன. செலவும் அதிகமில்லை.

கான்டாக்ட் லென்ஸ்

மென்மையான லென்ஸோடு டைவ் செய்பவர்கள் உண்டு. அதன் வழியே வாயு கடந்துவிடும். பழைய வகைக் கடின லென்ஸில் அப்படியில்லை. மேலேறும்போது லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே நைட்ரஜன் குமிழ்கள் சிக்கிப் பார்வை மங்கலாம்.

லென்ஸ் தொலைவதைவிடக் கிருமிதான் பெரிய ஆபத்து. கடல்நீர், குழாய்நீர் இரண்டிலும் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸில் ஒட்டிக் கருவிழியைத் தாக்கினால் பார்வையே பறிபோகலாம். எனவே, போட்டே ஆக வேண்டுமென்றால் ஒருநாள் மட்டும் அணிந்து எறியும் லென்ஸைப் போடுங்கள். மாஸ்க்கில் நீர் புகுந்தால் கண்ணை மூடிக்கொண்டே வெளியேற்றுங்கள். கரையேறியதும் லென்ஸைக் கழற்றி எறியுங்கள். பிறகு கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின்

லேசிக் செய்தவர்கள் டைவ் செய்யலாம். குறைந்தது ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. கண்புரை அறுவை சிகிச்சையில் காத்திருக்கும் காலம் கீறலைப் பொறுத்து மாறும். சிகிச்சை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

விழித்திரை சிகிச்சைக்காகக் கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டிருந்தால், அது முற்றிலும் கரையும்வரை டைவிங் கூடவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி அந்த வாயு பாதியாகச் சுருங்கும், மேலேறும்போது மீண்டும் விரியும். டைவிங்குக்கு முன் தரும் மருத்துவப் படிவத்தில் கண் அறுவை சிகிச்சை பற்றிய கேள்வி இருந்தால், உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள்.