பிரேஸ்லெட் பின்ன எவ்வளவு வார் வேண்டும்?

தோல் வாரில் பிரேஸ்லெட் பின்னுவதற்கு, மணிக்கட்டின் சுற்றளவு மட்டும் தெரிந்தால் போதாது. பின்னி முடித்த பட்டையின் நீளம் ஒரு கணக்கு. அதற்குள் போகும் வாரின் நீளம் வேறு கணக்கு.

தையல் டேப்பை மணிக்கட்டில் சுற்றி எடுத்த அளவோடு 1 செ.மீ. தளர்வு சேர்ப்பது வழக்கம். பலர் கோட்டை விடுவது தடிமனில்தான். தடித்த பட்டை வளையும்போது உள்பக்கம் குறுகிவிடும். அதை ஈடுகட்ட, தடிமனை 3.14-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 6 மி.மீ. தடித்த உருண்டைப் பின்னல் என்றால் இதற்கே ஏறக்குறைய 2 செ.மீ. போய்விடும்.

பின்னலில் வார் நேராக ஓடுவதில்லை, சாய்ந்து சாய்ந்து குறுக்கே போகிறது. சாய்வு 45 பாகையானால் 1 செ.மீ. பின்னலுக்கு 1.41 செ.மீ. வார் செலவாகும். விரித்த கூந்தலைவிடச் சடை குட்டையாக இருப்பதும் இதனால்தான். மூன்று கால் பின்னலுக்கு ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நடுவே கயிறு வைத்து அதைச் சுற்றிப் பின்னினால் அது போதாமல் போகலாம்.

மணிக்கட்டு 16 செ.மீ., தளர்வு 1, 3 மி.மீ. தடிமனுக்கு இன்னொரு 1: மொத்தம் 18. கொக்கி 2 செ.மீ. பிடித்தால் பின்னல் 16 செ.மீ. அதன் ஒன்றரை மடங்கு 24. முடிச்சுக்கும் கைப்பிடிக்கும் இரு முனையிலும் 8 செ.மீ. விட்டால் ஒரு வார் 40 செ.மீ., மூன்றுக்கும் 120 செ.மீ. முனையில் கஞ்சத்தனம் கூடாது. கடைசிச் சுற்றில் விரலுக்குப் பிடி கிடைக்காவிட்டால் பின்னல் தளர்ந்துவிடும். மிஞ்சினால் நறுக்கிவிடலாம், குறைந்தால் ஒட்டுப் போட்ட இடம் அசிங்கமாகத் தெரியும்.

மடங்கைச் சரியாக அறிய, அதே வாரின் துண்டுகளில் 20 செ.மீ. குறித்துப் பின்னிப் பார்க்க வேண்டும். குறித்த பகுதி 14 செ.மீ. பின்னலானால் மடங்கு 1.43. அளப்பதற்கு முன் வாரை நன்றாக இழுத்துவிடுவது நல்லது. விலங்கின் வயிற்றுப் பகுதித் தோல் முதுகுத் தோலைவிட அதிகம் நீளும். இழுக்காமல் வெட்டிய வார், கட்டிய சில நாளிலேயே தொளதொளத்துவிடும்.